இதே குரல்தான்

இந்தக் கதையில் ஒரு வாக்கியம் வருகிறது. அதை யார் சொன்னது என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அந்தப் பல் செய்யும் கூடத்தில் நான் மூன்று வருடம் பிளாஸ்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டுக்கும் இரண்டொரு தடவை போயிருக்கிறேன். மீதியெல்லாம் மகள் சொல்லித் தெரிந்தவை. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே குரல். இப்போது நினைத்துப் பார்த்தால் எது அவள் பேசியது, எது அவளுடைய அம்மா பேசியது என்று என் காதுக்குள் பிரியவில்லை. தேதிகள் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். மற்றபடி ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது.

கூடத்தில் மகளைக் கடைவாய் என்று கூப்பிடுவார்கள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரித் தாடை எடுப்போம். அதன்மேல் மெழுகில் பல் கட்டி, உலோகத்தில் வார்த்து, மேலே பீங்கான் பூசி உலையில் சுட்டால் பல் தயார். இதில் முன்பல் செய்கிறவருக்கு மதிப்பு அதிகம். சிரித்தால் தெரிகிற சரக்கு அது. கடைவாய்ப் பல்லை அதை மாட்டிக்கொண்டவனே பார்க்க மாட்டான். ஆறு வருடமாக அவளுக்கு முதலாளி கொடுத்ததெல்லாம் கடைவாய்ப் பற்கள்தான். முன்பற்களைச் செய்தவர் ஒரு நரைத்த மீசைக்காரர். அவர் பெயர் முன்பல்.

"மெல்றதுக்கு நீ, இளிக்கிறதுக்கு நான்" என்பார் முன்பல். "உலகத்துல எவன் மெல்றவனைப் பாக்குறான், சொல்லு கடைவாய்?"

"நீங்க இளிச்சுக்கிட்டே இருங்கண்ணே. நான் இல்லன்னா பட்டினி கிடக்க வேண்டியதுதான்."

இவ்வளவு வாய் அவளுக்குக் கூடத்துக்குள்தான். கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. வேலைக்கு உட்காரும்போது எல்லோருடைய போனும் வாசலோரத் தகர இழுப்பறைக்குள் போய்விட வேண்டும். ஈரக் கையும் பீங்கான் தூசியும் போனுக்கு ஆகாது, போனைத் தொட்ட கை பீங்கானுக்கு ஆகாது. காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் மாலை ஆறரைக்குத்தான் வெளியே வரும். அதனால் எந்தப் படிவமாக இருந்தாலும், தொடர்பு எண் என்று கேட்ட கட்டத்தில் அவள் அம்மாவின் எண்ணைத்தான் எழுதுவாள். பாங்குக்கும் அந்த எண்தான், கண் டாக்டருக்கும் அந்த எண்தான். தன்னுடைய எண் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியம் வந்ததில்லை.

அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசிப் பலகையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். குரலுக்குச் சம்பளம் வாங்கியவள். பதறிக்கொண்டு கூப்பிடுகிறவன் இரண்டு வார்த்தையில் அடங்கிவிடுவான், அப்படி ஒரு நிதானம் அந்தக் குரலில் இருந்தது. அதே குரல் மகளுக்கும் வாய்த்தது. அப்பா லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். நாள் முழுக்க ஒரு குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. பேச்சு குறைவு. வீட்டுக்குப் போன் செய்தால் முதல் கேள்வி, "நீயா, அவளா?"

"யாரா இருந்தா என்ன, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்று பதில் வரும். அதைச் சொன்னது யார் என்பது பாலோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

முதலில் இது விளையாட்டாகத்தான் இருந்தது. மகளுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு நாள் காய்ச்சல் மாதிரி இருந்தது, முழுக் காய்ச்சல்கூட இல்லை. பயிற்சி வகுப்புக்கு லீவு சொல்ல வேண்டும். "அம்மா, நீயே நான் பேசுற மாதிரி சொல்லிடேன்" என்றாள். அம்மா போனை வாங்கி, இரண்டு தரம் இருமிவிட்டு, மகளாகப் பேசினாள். போனை வைத்ததும் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு வர முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அம்மாவே சொன்னாள். தோழியின் ஊர்ப் பயணத்துக்கு, பக்கத்து வீட்டுக்காரி கேட்ட கைமாற்று நகைக்கு, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு. மகளுக்கு முகம் பார்த்தும் மறுக்க வராது, முகம் பார்க்காமலும் மறுக்க வராது. அம்மாவுக்கு அது கை வந்த கலை. ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நூறு பேரிடம் "டாக்டர் இப்போ பேச முடியாதுங்க" என்று சொன்ன வாய்.

மருந்துக்கடைக்காரன் விஷயமும் அப்படித்தான் முடிந்தது. ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்த பையனோடு எட்டு மாதம் பழகியிருந்தாள். நல்லவன்தான். எங்கேயோ மனது ஒட்டவில்லை. அவனிடம் அதைச் சொல்ல வேண்டும், எப்படி என்று தெரியவில்லை. பத்து நாள் மென்று முழுங்கிவிட்டு அம்மாவிடம் சொன்னாள்.

"நீ பக்கத்துல உக்காரு. நான் பேசுறேன்" என்றாள் அம்மா.

பன்னிரண்டு நிமிடம். மகள் மாடிப்படியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா சுவர் பக்கம் திரும்பி மெதுவாகப் பேசினாள். அந்தப் பக்கம் அவன் அழுதது கொஞ்சம் கேட்டது. போனை வைத்துவிட்டு அம்மா கேட்டாள், "சரியாச் சொன்னேனா?"

"சரியாத்தான் சொன்னேம்மா."

அன்று யாரும் சிரிக்கவில்லை. அம்மா பாத்திரம் கழுவப் போனாள். தான் அவனை விட்டதற்கு என்ன காரணம் சொல்லப்பட்டது என்று மகளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மீதியைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கேட்காமலே விட்டுவிட்டாள். பின்னால் எப்போதாவது அவனைத் தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். அவன் ஏதாவது கேட்டால், தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாதே.

அவளுக்கு இருபத்தேழு நடக்கும்போது, பீங்கான் பொடி விற்க வருகிறவன் ஒரு செய்தி கொண்டுவந்தான். வேறொரு நகரத்தில், ஒரு பெரிய பல் மருத்துவமனையின் சொந்தக் கூடத்தில் ஓர் இடம் காலி. முன்பல் வேலை. தங்க ஓர் அறையும் தருவார்கள். ரயிலில் ஏறினால் ஒன்பது மணி நேரம்.

அந்தப் படிவத்தை அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் மேசையில் வைத்து நிரப்பினாள். யாரிடமும் கேட்கவில்லை. என்னிடம் ஒரு நல்ல பேனா மட்டும் கேட்டாள். பெயர், வயது, அனுபவம், தொடர்பு எண். பழகின கை பத்து இலக்கத்தையும் எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. வீட்டுக்குத் தெரியாமல் போட்ட விண்ணப்பத்தில் அம்மாவின் எண்ணையே எழுதியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. நானும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். மை காய அவள் ஊதியதுகூட நினைவிருக்கிறது.

தேர்வுக்குக் கூப்பிட்டுக் கடிதம் கூடத்து முகவரிக்கு வந்தது. புது உலை பழக முதலாளி அனுப்புகிறார் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். அங்கே ஒரு கிழவரின் மேல் முன்பல்லைச் செய்யச் சொன்னார்கள். அந்தத் துறையின் தலைவி, கண்ணாடி போட்ட நடுவயதுக்காரி, அவள் செய்த பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல ஒரு சின்ன விரிசல் கோடு வெச்சிருக்கீங்களே. ஏன்?"

"பக்கத்துப் பல்லுல இருக்கு மேடம். இதுல இல்லன்னா இது பொய்யாத் தெரியும்."

தலைவி அந்தப் பல்லை மேசைமேல் வைத்தாள். "வீட்ல என்ன சொல்றாங்க? தூரமாச்சே."

"என் முடிவுதான் மேடம்."

அந்த வார்த்தையை அவள் அதற்கு முன் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்ததும் யாரோ பின்னால் நின்று சொன்ன மாதிரி இருந்ததாம். திரும்பிப் பார்க்கத் தோன்றியதாம்.

பதினைந்து நாளில் போனில் சொல்வோம் என்று அனுப்பினார்கள். ஊர் திரும்பிய மறுநாள் அவள் பாத்திரக்கடைக்குப் போய், ஓர் ஆளுக்குச் சமைக்கிற அளவில் ஒரு சட்டி கேட்டாள். கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் கடையில் அந்த அளவு அது ஒன்றுதான் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கூடத்தில் தன் மேசை இழுப்பறையில், மெழுகுக் கட்டிகளுக்கு அடியில் வைத்தாள். முன்பல் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன கடைவாய், தனிக்குடித்தனமா? மாப்பிள்ளை யாரு, இந்தச் சட்டியா?"

"சட்டின்னா எதிர்த்துப் பேசாதுண்ணே."

"ஆனா ரொம்பச் சூடாயிடும், பாத்துக்க."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் ஆறரை மணிக்குத் தகர இழுப்பறைக்கு முதலில் போகிறவள் அவள்தான். போனை எடுத்துப் பார்ப்பாள். எதுவும் இருக்காது. பதினைந்து நாள் போயிற்று. இருபது போயிற்று. பெரிய இடம், மெதுவாகத்தான் நகரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலையில் கை ஓடவில்லை. கடித்துப் பார்க்கும் நீலத்தாளை வைத்துச் சோதிக்காமல் ஒரு பல்லை அனுப்பிவிட்டாள். ஒரு தாள் கனம் உயரம் கூடிப்போய், அந்த நோயாளி வாயை மூட முடியாமல் ஒரு வாரம் தாடைவலியோடு திரிந்தானாம். முதலாளி அவளை முதல்முறையாகத் திட்டினார்.

அந்த நாட்களில் வீட்டில் அம்மா ரொம்பக் கனிவாக இருந்தாள். ஒரு மாலை மகளின் தலையை வாரிக்கொண்டே கேட்டாள், "உனக்கு எங்கேயாவது போகணும்னு இருக்காடி?"

"எங்கம்மா?"

"சும்மாதான் கேட்டேன்."

சீப்பு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. வாயைத் திறக்க இருவருக்கும் இருந்த கடைசி இடம் அதுதான். அப்பா எதிரே உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார்.

இருபத்தாறாம் நாள் மதியம், முதலாளியின் மேசையிலிருந்த போனில் அவள் அந்த மருத்துவமனையைக் கூப்பிட்டாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். நான் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஓர் அலுவலகப் பெண் எடுத்தாள். கூடம் அமைதியாக இருந்ததால் இரண்டு பக்கமும் கேட்டது.

"நீங்களா? உங்களுக்குத்தான் பத்தொன்பதாம் தேதியே பேசினேனே."

"என்கிட்ட யாரும் பேசலைங்களே."

"என்னங்க இது. நான்தான் பேசினேன். உங்களுக்கு இடம் கிடைச்சிருக்கு, ஒண்ணாந்தேதி வந்து சேருங்கன்னு சொன்னேன். நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, என்னால வர முடியாதுங்க, வேற யாரையாவது பாத்துக்குங்கன்னு சொன்னீங்க. நல்லா யோசிச்சுச் சொல்றீங்களான்னுகூடக் கேட்டேன். யோசிச்சுட்டேன்னு சொன்னீங்க."

கடைவாய் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நான் இல்லைங்க."

"உங்க குரல் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. இதே குரல்தான்."

அந்த இடத்துக்கு அடுத்த ஆளை எடுத்தாகிவிட்டது என்று அந்தப் பெண் சொன்னாள். குரலில் குறை இல்லை, கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. இன்னொரு இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்றாள். "நம்பர் அதேதானே?"

"இல்லைங்க. வேற நம்பர் தர்றேன். எழுதிக்குங்க."

"சொல்லுங்க."

சொல்லத் தெரியவில்லை. ஒன்பதில் ஆரம்பிக்கும் என்பதற்குமேல் ஓர் இலக்கமும் நினைவுக்கு வரவில்லை. "ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடி, தகர இழுப்பறையைத் திறந்து, போன்களுக்கு நடுவில் தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. கிண்ணத்தில் என் பிளாஸ்டர் இறுகிப்போயிருந்தது.

அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அன்று சீக்கிரம் வந்துவிட்டிருந்தார். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்றாள்.

"பத்தொன்பதாம் தேதி எனக்கு ஒரு போன் வந்துச்சா?"

அம்மா மடித்த துணியை அடுக்கின்மேல் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"வந்துச்சு."

"ஏம்மா சொல்லல?"

"நீ சொன்னியா? உலை பழகப் போறேன்னுதானே போனே."

"நான் கேக்கிறதுக்கு பதில் சொல்லு. ஏன் வர முடியாதுன்னு சொன்னே?"

அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ இறந்த செய்தியைச் சொல்லுகிற நிதானத்தில் பேசினாள். "அந்தப் பொண்ணு எடுத்ததும் உன் பேரைச் சொல்லி, நீங்கதானேன்னு கேட்டா. ஆமான்னு வாயில வந்துடுச்சு. பழக்கம். அப்புறம் அவ பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறா, வேலைங்கிறா, ரூமுங்கிறா, ஒண்ணாந்தேதிங்கிறா. எனக்கு ஒன்னும் புரியல. இப்ப என்ன சொல்றீங்கன்னு கேட்டா. நீ என்ன சொல்லுவியோ அதைச் சொன்னேன்."

"நான் என்ன சொல்லுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு வருஷமா என்கிட்ட நீ வேற என்னத்தடி சொல்லச் சொல்லியிருக்கே? ஒரு தடவையாவது, அம்மா, நான் வர்றேன்னு சொல்லிடுன்னு சொல்லியிருக்கியா?"

மகள் வாயைத் திறந்தாள். பத்தொன்பது வயதிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாளாம். ஒன்றுகூட இல்லை. அம்மாவை ஏமாற்றுக்காரி என்று திட்ட அவளுக்கு ஆசையாக இருந்தது. எங்கே பிடித்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அந்தக் குரலை அம்மா கையில் எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். அம்மா சொன்னதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சாமர்த்தியம் என்றும் பிரிக்க முடியவில்லை. அம்மாவாலேயே பிரிக்க முடிந்திருக்காது.

அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, நீங்க அன்னைக்கு வீட்ல இருந்தீங்களா?"

"இருந்தேன். உள் ரூம்ல."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அப்போ நீங்களாவது எனக்குச் சொல்லியிருக்கலாமேப்பா."

அவர் தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் லிஃப்டின் கறுப்பு மசகு இருந்தது. "நீதான் பேசுறேன்னு நெனச்சேன்மா" என்றார். "நீ சீக்கிரம் வந்துட்டேன்னு நெனச்சேன். எங்கேயோ கூப்பிடுறாங்க, புள்ள போகமாட்டேன்னு சொல்லுதுன்னு." நகத்தைச் சுரண்டிக்கொண்டே, "சந்தோஷமா இருந்துச்சு" என்றார்.

மகள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "இனிமே என் குரல்ல நீ பேசாதேம்மா."

அம்மா தலையாட்டினாள். மறுநாளிலிருந்து அவள் எந்தக் குரலிலும் பேசவில்லை.

கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிற மௌனம் என்றால் மகள் சமாளித்திருப்பாள். அம்மா எல்லா வேலையும் செய்தாள். தட்டு வைத்தாள், துணி துவைத்தாள், மகள் வர நேரமானால் வாசலில் நின்றாள். பேச்சு மட்டும் இல்லை. முப்பது வருடம் ஊருக்கெல்லாம் பேசிய வாய். தன் போன் அடித்தால் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அப்பாவுக்குப் போனில் பேச வராது. ஆக, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் மகள்தான் எடுக்க வேண்டியிருந்தது.

எடுத்தால் பெரியம்மா பேசுவாள், சித்தி பேசுவாள், அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் பேசுவார்கள். எல்லோரும் அவளை அம்மா என்றே நினைத்துப் பேசினார்கள். முதல் வாரம் "நான் அம்மா இல்ல பெரியம்மா, நான்தான்" என்று திருத்தினாள். உடனே அடுத்த கேள்வி வரும். "அம்மா எங்க? ஏன் பேச மாட்டேங்கிறா? நீ என்னடி பண்ணே?" அதற்குப் பதில் சொல்வதைவிட அம்மாவாகவே இருந்துவிடுவது சுலபம். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், "மூட்டு வலி எப்படி இருக்கு?" என்று சித்தி கேட்டபோது, "பரவாயில்ல, மாத்திரை போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது அம்மா அறையின் மறுமூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் ஒரு நாள் முன்பல் சொன்னார், "என்ன கடைவாய், வர வர ஊமையாயிட்டே? பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உனக்குப் பல்லெல்லாம் இருக்கே."

அவள் சிரித்ததாகப் பேர் பண்ணினாள்.

அந்த மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதித் தன் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தாள். இந்த முறை ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து எழுதினாள். ஒரு சிறு காகிதத்திலும் எழுதி, மேசைக்குமேல் ஒட்டி, பல் செதுக்கும்போதெல்லாம் முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள். உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, மந்திரம் போட்டுப் பல் செய்கிறாள் என்று கிண்டல் பண்ணினோம்.

நாலு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தப் போன் வந்தது.

வீட்டில் மூவரும் இருந்தார்கள். அம்மாவும் மகளும் ஒரு பெரிய படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பேச்சு தேவையில்லை. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு, விலகி நின்று உதறி, நெருங்கி வந்து மடிக்க வேண்டும். மகளின் போன் ஜன்னல் திட்டில் அடித்தது. ஒரு கையில் இரண்டு மூலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஞாபகம் இருக்காங்க? உங்க கடிதம் ஃபைல்ல இருந்துச்சு. மறுபடி ஒரு இடம் வந்திருக்கு. மேடம் உங்களைத்தான் முதல்ல கேக்கச் சொன்னாங்க. ஆனா இப்பவே சொல்லணும். வர்றீங்களா?"

அம்மா மறுமுனையில் விரிப்பைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். எவ்வளவு மெல்லிய குரலையும் பிடித்துப் பழகிய காது. அப்பா கையிலிருந்த பேப்பரை மடியில் இறக்கினார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். போ என்று சொன்னால் போய்விடலாம் என்று நினைத்தாளாம். போகாதே என்று சொன்னாலும் போய்விடலாம், அதை எதிர்த்துக்கொண்டாவது போகலாம். அம்மா இரண்டையும் சொல்லவில்லை. விரிப்பு தரையில் படாமல் தன் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒல்லிக் கைகள். நாலு மாதத்தில் இளைத்திருந்தாள். வருகிறேன் என்ற ஒரு வார்த்தைதான். அது நாக்கு நுனிவரை வந்ததாக அவள் பின்னால் என்னிடம் சொன்னாள். அந்த வார்த்தையைச் சொல்லத் தன்னிடம் எந்தக் குரல் இருக்கிறது என்று தேடிப் பார்த்ததாகவும், நாலு மாதமாக அந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்த குரலைத் தவிர வேறொன்று கைக்கு அகப்படவில்லை என்றும் சொன்னாள்.

"இருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"என்னால வர முடியாதுங்க. வேற யாரையாவது பாத்துக்குங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிச்சுட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெருமூச்சு. "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அப்புறம் நீங்க சொல்லலைன்னீங்க. பரவாயில்லைங்க, உடம்பைப் பாத்துக்குங்க."

மகள் போனை ஜன்னல் திட்டில் வைத்தாள். அப்பா பேப்பரை மறுபடி தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் பிடியில் விரிப்பு தளர்ந்து, நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது.

"அந்த மூலையை இழுத்துப் பிடிடி" என்றாள் அம்மா.

நாலு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. மகள் இழுத்துப் பிடித்தாள். இருவரும் உதறினார்கள். நெருங்கி வந்து, மூலையோடு மூலையைச் சேர்த்தார்கள். அன்று மாலையே சித்தியின் போனை அம்மா எடுத்தாள். மூட்டு வலி பற்றி அரைமணி நேரம் பேசினாள். தான் போட்டதாக மகள் சொல்லிவைத்திருந்த மாத்திரையின் கணக்கையும் தப்பாமல் தொடர்ந்தாள்.

அந்த இரண்டாவது இடத்துக்கு முன்பல் போனார். மகள்தான் அவருக்கு விலாசம் கொடுத்தாள். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், மனைவியையும் அழைத்துக்கொண்டார். அவர் விட்டுப்போன வேலையை முதலாளி கடைவாய்க்குக் கொடுத்தார். இப்போது முன்பற்களை அவள்தான் செய்கிறாள், பெயர் மட்டும் மாறவில்லை. அந்தச் சட்டியில் மெழுகு உருக்குகிறார்கள். மருந்துக்கடைக்காரன் கல்யாணம் செய்துகொண்டு சொந்தக் கடை வைத்திருக்கிறான். அப்பா ஓய்வு பெற்ற மறுவருடம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு எழுபத்திரண்டு, காது மந்தமாகிவிட்டது, போன் அடிப்பது அவளுக்குக் கேட்பதில்லை. நான் அந்த வேலையை விட்டு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. மகளுக்கு இப்போது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. அதே வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள்.